ஆறு நாடு, ஐந்து மாதம், 3 லட்சம்: எதைக் கட்டுவது, எதை அவிழ்த்துவிடுவது

கேள்வி இதுதான். மண்டபத்தில் படகு இன்ஜின் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரும் கீழக்கரையிலிருக்கும் அவர் நண்பரும் தோளில் ஆளுக்கொரு பையோடு இலங்கை, தாய்லாந்து, மலேசியா, வியட்நாம், கம்போடியா, இந்தோனேசியா என்று ஐந்து மாதம் சுற்றிவர நினைக்கிறார்கள். ஜனவரியில் கிளம்ப ஆசை. ஆளுக்கு 3 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். "எதையும் முன்கூட்டியே புக் பண்ணாமல், பிடித்த ஊரில் பிடித்தவரை இருந்து போக முடியுமா? பட்டறையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் வந்துவிடச் சொல்கிறார்கள், அதுவும் யோசனையாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார்.

முடியும் தம்பி. ஆனால் ஐந்து மாதமும் முடியாது, ஆறு நாடும் முடியாது. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

மலிவு விமானங்களைப் பார்த்துப் பிடித்தாலும் மதுரை–கொழும்பு, கொழும்பு–பாங்காக், கோலாலம்பூர்–ஹனோய், கடைசியில் ஹோசிமின் நகரிலிருந்து ஊர் திரும்புவது என்று நான்கு பறப்புக்கு ஆளுக்கு 46,000 ரூபாய் ஒதுக்குங்கள். விசா வகைக்கு 5,000. மூன்று மாதக் காப்பீடு 8,000. தடுப்பூசி, லைசென்ஸ், சில்லறை எல்லாம் 6,000. ஆக 65,000 கிளம்புமுன்பே போய்விடும். அடுத்து 45,000 ரூபாயைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். வீட்டில் ஒன்று என்றால் அன்றைக்கே டிக்கெட் எடுத்து ஊர் வரவும், ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டவும் அதுதான் காசு. மீதி 1,90,000. அதை 150 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 1,270 ரூபாய்கூட வராது. தங்கும் படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், நுழைவுக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்காது. 90 நாளுக்குப் பிரித்தால் 2,100 வருகிறது. அது போதும்.

நாட்டுக்கு நாடு செலவு மாறும். சிக்கனமாக இருந்தால் இலங்கையில் நாளுக்கு 2,000, தாய்லாந்தில் 2,500, மலேசியாவில் 2,300, வியட்நாமில் 1,800 என்று வைத்துக்கொள்ளலாம். இலங்கையில் 20 நாள், தாய்லாந்தில் 25, மலேசியாவில் 12, வியட்நாமில் 33 என்று போட்டால் 90 நாளும் 1,89,500 ரூபாயும் ஆகிறது. ஜனவரி 10 அன்று மதுரையில் ஏறினால் ஏப்ரல் 9 அன்று திரும்பலாம். ஏப்ரல் 15 அன்று தடை தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். படகைக் கரையேற்றி இன்ஜினைப் பிரிக்கிற அந்த நாள்களில் பட்டறைக்கு நீங்கள் வேண்டும். கம்போடியாவையும் இந்தோனேசியாவையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அவை கூடுதல் விமானம், கூடுதல் விசா, கூடுதல் களைப்பு.

இப்போது "எதையும் புக் பண்ணாமல்" என்ற விஷயத்துக்கு வருவோம். நங்கூரக் கயிற்றை இழுத்துக் கட்டினால் அலைக்குப் படகு எழும்பாது, கயிறு அறும், இல்லையேல் நங்கூரம் பெயரும். கயிற்றைத் தாராளமாக விடலாம், ஆனால் நங்கூரம் தரையைக் கடித்திருக்க வேண்டும். உங்கள் பயணத்துக்கு நான்கு நங்கூரம்: ஊர் திரும்பும் நாள், ஒவ்வொரு நாட்டிலும் இருக்க அனுமதித்த கடைசி நாள், காற்றும் மழையும், தொடாத அந்த 45,000. இந்த நான்கையும் உறுதியாக வைத்துவிட்டு, எந்த ஊர், எத்தனை இரவு, எந்த பஸ் என்பதையெல்லாம் அந்தந்த இடத்தில் தீர்மானியுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் முதல் மூன்று இரவுக்கு மட்டும் படுக்கை பதிவு செய்தால் போதும். மேலே சொன்ன 20, 25, 12, 33 என்ற நாள்கணக்கும் கயிறுதான். இலங்கை பிடித்துப்போனால் 25 ஆக்கிக்கொண்டு தாய்லாந்தில் குறைக்கலாம்.

காற்றை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடைக்காலத்தில் வடகடல் (பாக் நீரிணை) கொந்தளித்தால் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் சாதுவாக இருக்கும், தென்மேற்குக் காற்றான கச்சான் எழுந்தால் அது தலைகீழாகும், நாட்டுப்படகுகளை அதற்கேற்ப மாற்றுகிறார்கள். நீங்கள் போகும் நாடுகளிலும் இதே கதைதான். இலங்கையில் ஜனவரியில் காலி, மாத்தறைப் பக்கம் வெயில். திருகோணமலையும் அறுகம்பையும் ஏப்ரலுக்குப் பிறகுதான் சரிப்படும். தாய்லாந்தில் அந்தமான் கடல் பக்கமுள்ள கிராபி, புக்கெட் கரையில் மே முதல் அக்டோபர் வரை மழை, ஜனவரி பிப்ரவரியில் கடல் கண்ணாடி. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடுதிகளே அடைத்திருக்கும், மேற்கே பினாங்கு, லங்காவி திறந்திருக்கும். வியட்நாமின் நடுப்பகுதியான ஹுவே, ஹோய் ஆன் பக்கம் அக்டோபர், நவம்பரில் வெள்ளம். மார்ச், ஏப்ரலில் காய்ந்திருக்கும். ஆக ஜனவரியில் இலங்கையில் தொடங்கி மார்ச்சில் வியட்நாமுக்குப் போகிற இந்த வரிசை காற்றோடு போகிற வரிசை. அதைத் திருப்பிப் போடாதீர்கள். தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் பார்க்க நினைத்தால் பிப்ரவரி நடுவுக்குள் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஏப்ரல் வரை வயலும் காடும் எரிகிற புகை ஊரையே மூடும், மூச்சு முட்டும். வியட்நாமின் தெத் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த நாள்களில் ரயிலில் இடமே கிடைக்காது. மார்ச்சில் போகிற உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடைசி நாளைக் கணக்கிடுவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வந்திறங்கிய நாளும் ஒரு நாள். 30 நாள் அனுமதியோடு ஜனவரி 5 அன்று நுழைந்தால் கடைசி நாள் பிப்ரவரி 3, பிப்ரவரி 5 அல்ல. தாய்லாந்தில் குத்துகிற முத்திரையில் எந்த நாள் வரை இருக்கலாம் என்ற தேதியே இருக்கும். கவுண்டரை விட்டு நகருமுன் அதைப் படித்துப் பாருங்கள், தவறாக இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். தாண்டினால் தாய்லாந்தில் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். அபராதம்கூடப் பெரிதில்லை, அடுத்த தடவை நுழையும்போது அந்தப் பதிவு உங்களைக் கேள்வி கேட்கும். எந்த நாட்டிலும் கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே வெளியேறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஓடாத நாள், காய்ச்சல், புயல் எல்லாம் அந்த நான்கு நாளில் அடங்கும்.

இந்தியர்களுக்கான விதிகள் அடிக்கடி மாறுகின்றன. தாய்லாந்து 2023 நவம்பரில் விசா இல்லாமல் 30 நாள் என்றது, 2024 ஜூலையில் அதை 60 ஆக்கியது, பிறகு குறைக்கும் பேச்சு எழுந்தது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா இல்லாமல் விடத் தொடங்கியது. இரண்டு நாட்டுக்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் அல்ல. இலங்கைக்கு ஈடிஏ என்கிற இணைய அனுமதி, 30 நாளுக்கு. கட்டணமும் விலக்கும் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் போடும் வாரத்தில் அந்த நாட்டு அரசுத் தளத்தில் மறுபடி பாருங்கள்.

வியட்நாம் இ-விசா தனியாகச் சொல்ல வேண்டியது. 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒரு தடவை நுழைய 25 டாலர், பல தடவைக்கு 50. நீங்கள் இருக்கப்போவது 33 நாள்தான் என்றாலும் விண்ணப்பத்தில் முழு 90 நாளும் கேளுங்கள், கட்டணம் அதேதான். மார்ச் 1 முதல் என்று வாங்கிவிட்டால் 1 அன்றும் நுழையலாம், 12 அன்றும் நுழையலாம். பிடித்தவரை இருப்பது என்பது இப்படித்தான் கைக்கு வரும். விண்ணப்பத்தில் எந்த விமான நிலையம் என்று எழுதுகிறீர்களோ அதன் வழியே நுழையுங்கள். எழுத்துப்பிழைக்குப் பணம் திரும்பாது, புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

அந்த எழுத்துப்பிழை நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு வருகிறது என்றால், நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டைத் திறந்து படமுள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரியைப் பாருங்கள். முதல் வரி பி (P) என்ற எழுத்தில் தொடங்கி, ஒரு கோணக்குறி (<), பிறகு நாட்டின் மூன்றெழுத்து, அதை ஒட்டிப் பெயர். குடும்பப்பெயர் இருந்தால் அது முதலில் வரும், அதன்பின் இரட்டைக் கோணக்குறி, பின்னர் உங்கள் பெயர். குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் முழுப்பெயரும் ஒரே கொத்தாக வந்து, பிறகு வரிசையாகக் கோணக்குறிகள்தான். விசா அதிகாரியின் கருவி படிப்பது இந்த வரியைத்தான். அதில் இருக்கிற எழுத்தும் வரிசையும்தான் டிக்கெட்டிலும் விசாவிலும் இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் இருக்கிற இனிஷியலைக் கொண்டுபோய் நுழைக்காதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட் என்றால் இப்போதே மறுவழங்கலுக்குப் போட்டு, அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுப் பிரித்துவிடுவது நல்லது. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. நமக்கு மதுரை மண்டல அலுவலகம். 2022 நவம்பரிலிருந்து அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா அனுமதி தருவதில்லை, ஆகவே பிற்காலத்தில் துபாய் போக நினைத்தாலும் இந்த வேலை வீண் போகாது. பாஸ்போர்ட் காலாவதிக்கு, பயணம் முடிகிற நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை (ECR), அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும், என்று இருக்கிறதா பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் அதை நீக்கிவிடலாம். சுற்றுலாவுக்கு அந்த அனுமதி வேண்டியதில்லை. ஆனால் தாய்லாந்தும் மலேசியாவும் அந்தச் சோதனைப் பட்டியலில் இருக்கிற நாடுகள். அந்தக் குறிப்போடு இரண்டு இளைஞர்கள் போனால் விமான நிலையத்தில் நிறையக் கேள்வி வரும். காரணம் இருக்கிறது. தாய்லாந்து வழியாக மியான்மரின் மியாவாடிக்கும், லாவோஸ், கம்போடியாவுக்கும் கணினி வேலை என்று அழைத்துப்போய் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்த கூட்டங்களிடம் தமிழ்ப் பையன்கள் பலர் சிக்கியிருக்கிறார்கள். வழியில் யார் என்ன வேலை தருவதாகச் சொன்னாலும், தெரிந்த ஊர்க்காரரே சொன்னாலும், போகாதீர்கள். சுற்றுலா அனுமதியில் வேலை பார்ப்பதே குற்றம். அதிகாரியிடம் காட்டுவதற்குப் பட்டறையிலிருந்து லீவுக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு, முதல் இரவுகளின் பதிவு, காப்பீடு, அடுத்த நாட்டுக்கான டிக்கெட் ஆகியவற்றைத் தாளாகவே வைத்திருங்கள். போன் சார்ஜ் இல்லை என்று அங்கே நிற்க முடியாது.

அடுத்த நாட்டுக்கான டிக்கெட், இதுதான் திட்டமில்லாமல் போகிறவர்களைத் தடுக்கிற முதல் சுவர். தடுப்பது பெரும்பாலும் குடிவரவு அதிகாரி அல்ல, விமானக் கம்பெனியின் கவுண்டர். கொழும்பில் பாங்காக் விமானத்துக்கு நிற்கும்போது "தாய்லாந்தை விட்டு எப்படி வெளியே போவீர்கள்?" என்பார்கள். ரயிலில் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள், கையில் சீட்டு வேண்டும். முழுப்பணம் திரும்பும் விமானச் சீட்டு ஒன்றை எடுத்து, உள்ளே போனபின் ரத்து செய்வது ஒரு வழி. தாய்லாந்தின் ஹட் யாய் அல்லது பாங்காக்கிலிருந்து கோலாலம்பூருக்கு மிக மலிவான ஒன்றை வாங்கி, வேண்டாமென்றால் விட்டுவிடுவது இன்னொரு வழி. பத்து டாலருக்கு விற்கிற போலிச் சீட்டை வாங்காதீர்கள். கவுண்டரில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், விமானமும் போகும், பெயரும் கெடும்.

பாங்காக்கிலிருந்து மலேசியாவுக்கு ரயிலே நல்லது. மாலையில் ஏறிப் படுத்தால் மறுநாள் காலை எல்லையான பாடாங் பெசார். இரண்டு நாட்டுக் குடிவரவும் ஒரே நிலையத்துக்குள் இருக்கின்றன. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் பட்டர்வொர்த், பிறகு படகில் பினாங்கு. மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணிநேரம் முந்தியது, கைக்கடிகாரத்தைத் திருப்பாமல் அடுத்த ரயிலை விடுகிறவர்கள் அநேகம். படுக்கை வசதிச் சீட்டை இரண்டு வாரம் முன்னே எடுங்கள். எல்லாவற்றையும் கடைசி நேரத்தில் பார்க்கலாம் என்றாலும் இது மட்டும் தீர்ந்துபோகும். பினாங்கில் பல இடங்களில் தமிழே போதும். 1801இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. கீழக்கரை நண்பருக்கு அங்கே சாப்பாட்டுக் கவலை இல்லை. வியட்நாமில்தான் ஹலால் தேடவேண்டியிருக்கும், சைவம் என்றால் "சாய்" என்று சொன்னால் புரியும்.

இலங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. வாடை மழையில் நின்றுவிடுகிற சேவை என்பதால் ஜனவரிப் பயணத்தை அதை நம்பிப் போடாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையக ரயில்பாதைகளைச் சிதைத்தது. கண்டி, எல்ல ரயிலை எந்தப் பகுதியில் ஓட்டுகிறார்கள் என்று அந்த வாரம் விசாரியுங்கள், பஸ் எப்போதும் உண்டு. மன்னார், யாழ்ப்பாணக் கரையில் மீன்பிடிச் சண்டை ஆறாத புண். மண்டபம் என்று ஊரைச் சொன்னால் பேச்சு அதற்குத்தான் போகும். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், வாதாடாதீர்கள், கடற்படை முகாமைப் படமெடுக்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் பல கடைகளில் நம் யுபிஐ வேலை செய்கிறது.

மற்ற நாடுகளில் பணம் மூன்று இடத்தில் இருக்கட்டும். வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கிற ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, வேறு வங்கியின் கார்டு ஒன்று, 300 டாலர் நோட்டாக. நோட்டு புதிதாக, மடிப்பும் கிழிசலும் மையும் இல்லாமல் இருக்க வேண்டும், ஒரு சின்னக் கிழிசலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் அளவுக்குப் பிடிக்கிறார்கள். ஆகவே ஆயிரம் ஆயிரமாக எடுக்காமல் பத்து நாளுக்கு வேண்டியதை ஒரே தடவையில் எடுங்கள். இயந்திரம் "ரூபாயில் கணக்கிடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், ஒப்புக்கொண்டால் அவர்கள் வைத்ததுதான் விலை. சாதாரணக் கிரெடிட் கார்டில் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போகும்.

வங்கியின் ஓடிபி வராமல் திண்டாடுவதுதான் இரண்டாவது மாதத்தில் வருகிற தொல்லை. ஊர் சிம்மை அணைக்காதீர்கள். கிளம்புமுன் ரோமிங்கைத் திறந்துவைத்து, டேட்டாவை மட்டும் மூடிவிடுங்கள். வருகிற குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் காசு இல்லை. நான்கு மாதத்துக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டே போங்கள். உள்ளூர் டேட்டாவுக்கு இ-சிம் அல்லது இரண்டாவது சிம் துளை.

நீங்கள் இன்ஜின் தெரிந்தவர், வியட்நாமில் பைக் வாடகைக்கு எடுக்கத் தோன்றும். ராமநாதபுரம் ஆர்டிஓவில் 4ஏ படிவத்தில் 1,000 ரூபாய் கட்டினால் ஒரு வருடத்துக்குச் சர்வதேச லைசென்ஸ் தருவார்கள். அது 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி வருவது. தாய்லாந்தில் செல்லும், இருசக்கர வண்டிப் பிரிவில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்த லைசென்ஸை. நம்முடையது அங்கே செல்லாது. போலீஸ் பிடிக்காவிட்டாலும், விழுந்து காலை உடைத்தால் லைசென்ஸ் இல்லை என்று காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிடும். அங்கே வண்டி எடுக்காதீர்கள். ஹனோயிலிருந்து ஹோசிமின் நகர் வரை 1,726 கிலோமீட்டருக்கு ரயில் இருக்கிறது, அதை நான்கைந்தாக வெட்டி இறங்கி ஏறுங்கள். எங்கே வண்டி எடுத்தாலும் பாஸ்போர்ட்டை அடகு வைக்காதீர்கள், பணமாக முன்பணம் கொடுங்கள், எடுக்கும்போதே கீறல்களைப் படம் பிடியுங்கள். காப்பீட்டை இந்தியாவிலிருந்து கிளம்புமுன் எடுக்க வேண்டும், போனபின் எடுப்பது கடினம்.

பை 40 லிட்டர், நிறை 7 கிலோ. மலிவு விமானங்கள் பல கையில் அனுமதிப்பது அவ்வளவுதான். கூடினால் கவுண்டரில் கேட்கிற பணம் சில சமயம் டிக்கெட் விலையைத் தொடும். நான்கு சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு மெல்லிய மழைக்கோட்டு, செருப்பும் ஷூவும். இரண்டு கைலி கட்டாயம் எடுங்கள். துவட்டவும், ரயிலில் போர்த்தவும், விடுதிப் படுக்கையில் திரையாக மறைக்கவும், கோயிலில் முழங்காலை மூடவும் அதுதான். காய ஒரு மணிநேரம் போதும். பவர்பேங்க் கைப்பையில் மட்டும், 20,000 எம்ஏஎச் தாண்ட வேண்டாம். இலங்கையிலும் மலேசியாவிலும் தட்டையான மூன்று முள் சாக்கெட், அதற்கு ஒரு அடாப்டர். தாய்லாந்திலும் வியட்நாமிலும் நம் இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் நுழையும். அம்மா கட்டித்தருகிற கருவாட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், சுங்கத்தில் பறிப்பார்கள். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் வையுங்கள். வலிக்கு டிரமடால் சேர்ந்த மாத்திரை இருந்தால் எடுக்கவே வேண்டாம். நாயோ குரங்கோ கடித்தால் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

ஒரு ஊரில் நான்கு இரவுக்குக் குறையாமல் தங்குங்கள். இரண்டு நாளுக்கொரு ஊர் மாறினால் பணம் பஸ்ஸுக்கே போகும், மூன்றாவது வாரத்தில் இருவருக்குள்ளும் சண்டை வரும். பத்து நாளுக்கு ஒரு நாள் ஆளுக்கொரு பக்கம் போய்வாருங்கள், அது நட்புக்கு நல்லது.

வேலை வரிசை இது: பெயர்த் திருத்தம் இருந்தால் ஆகஸ்டுக்குள் பாஸ்போர்ட், அக்டோபரில் லைசென்ஸும் தடுப்பூசியும், நவம்பரில் மதுரை–கொழும்பு டிக்கெட்டும் ஏப்ரல் 9 திரும்பும் டிக்கெட்டும், டிசம்பரில் காப்பீடும் ஈடிஏவும். வியட்நாம் விசாவைப் பிப்ரவரியில் தாய்லாந்திலிருந்தே போட்டுக்கொள்ளலாம். கிளம்பும் அன்று ஒரு தாளில் இரண்டு பேரின் பாஸ்போர்ட் எண், காப்பீட்டு எண், காப்பீட்டுக் கம்பெனியின் அவசரத் தொலைபேசி, ஒவ்வொரு நாட்டிலும் நம் தூதரக எண், ஒவ்வொரு நாட்டின் கடைசி நாள் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, இரண்டு வீட்டிலும் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஞாயிறும் புதனும் கூப்பிடுவதாகச் சொல்லிவையுங்கள். இரண்டு தடவை அழைப்பு வராவிட்டால் அந்தத் தாளில் எந்த எண்ணுக்கு முதலில் பேச வேண்டும் என்று வட்டம் போட்டுக் காட்டிவிட்டுப் போங்கள்.